கடல் கடந்து மலையேறியவர்கள்: பூனாகலையிலிருந்து மிசன் வாழ்வைப் பார்த்தல்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பாதை தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. மலையின் தெற்கு விளிம்புக்கு வந்துவிட்டால் கொஸ்லந்தைப் பக்கமாக நிலம் சரிந்து இறங்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் கீழே தாழ்நிலம் வெகு தூரத்துக்குத் தெரியும். இந்த மலைகளில் பிறந்தவர்களில் ஒரு பகுதியினர் 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறி, கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. ஆகவே பூனாகலையின் கதை வன்னி மக்களுக்கு அந்நியமான கதை இல்லை.

இந்தத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில்தான் வாழ்வின் மையம். திருவிழாவும் காமன் கூத்தும் தப்புச் சத்தமும்தான் மக்களின் ஆண்டுக் கணக்கு. அவற்றுக்கு நடுவே சிறுபான்மையாகக் கிறிஸ்தவக் குடும்பங்களும் சிறிய தேவாலயங்களும் மலையகம் முழுவதும் இருக்கின்றன. அந்தத் தேவாலயங்களைக் கட்டியவர்கள் யார்? இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதியில் திருநெல்வேலியிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் உபதேசியார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது அந்நிய நாடுதான்.

வெளிநாட்டு மிசன் வாழ்வின் இன்பமும் துன்பமும் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கப்பல் பயணத்தையும் காய்ச்சலையும் மதம் மாறியோரின் எண்ணிக்கையையும் சொல்வார்கள். மலையகத்திலிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. அவர் யாருக்காக வந்தாரோ அந்த மக்களுக்கு அந்த வழி பெரும்பாலும் இருக்கவில்லை. அந்த வேறுபாட்டை அவர் எப்படி எதிர்கொண்டார்?

கோப்பிக்காலத்து உபதேசியார்கள்

மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து மாதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தார்கள். காடு, தண்ணீரின்மை, வாந்திபேதி, காய்ச்சல் என்று வழியெல்லாம் மரணம் காத்திருந்தது. மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றவர்கள் அந்தப் பாதையைத்தான் மீண்டும் நடந்தார்கள்.

இந்தத் தொழிலாளர்களுக்காக 1854இல் ஒரு மிசன் தொடங்கியது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிசன். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிசனரி சங்கத்தின் கீழ் அது இயங்கியது. அதற்குப் பொறுப்பாக வந்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஏற்கெனவே திருநெல்வேலியில் பணியாற்றியவர், தமிழ் தெரிந்தவர். அவரோடு வேலை செய்யத் திருநெல்வேலித் திருச்சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கிறிஸ்தவச் சபைகள் வளர்ந்திருந்தன. அந்த ஊர்களிலிருந்து பலர் தோட்ட வேலைக்கு இலங்கை வந்திருந்தார்கள். எனவே உபதேசியார் சந்தித்த மக்களில் சிலர் அவருடைய ஊர்க்காரராகவும் இருந்திருப்பார்கள்.

‘கூலி’ என்ற சொல் மிசனின் பெயரிலேயே நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அது தமிழ்த் திருச்சபை மிசன் என்று மாற்றப்பட்டது. மக்களை மீட்க வந்ததாகச் சொன்ன ஓர் அமைப்பு, தோட்டத்துரை அழைத்த பெயரையே தன் பெயரிலும் வைத்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உபதேசியாரின் வேலை எளிதானதாக இருக்கவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் தப்பு அடித்தவுடன் மக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் மலையில் நின்று பேச முடியாது. மாலையில் களைத்து வரும் மக்களை லயத்து வாசலில்தான் சந்திக்க வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதையில் அட்டைக்கடியோடு நடக்க வேண்டும். இருட்டிய பிறகு விளக்கு வைத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. கோப்பி பருவகால வேலை. பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கங்காணி தன் ஆட்களோடு தோட்டம் மாறினால் முழு லயமும் ஒரே நாளில் காலியாகும். ஓர் ஆண்டு முழுக்க எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை அடுத்த ஆண்டு எந்த மலையில் இருக்கும் என்று உபதேசியாருக்குத் தெரியாது. இடப்பெயர்வு முகாம்களில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இந்தத் துயரம் விளங்கும்.

அதே நிலையிலிருந்துதான் ஒரு மகிழ்ச்சியும் வந்தது. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் உபதேசியாரும் ஒருவர். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும், தாய்க்குப் பதில் எழுதவும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார். அவர் பேசிய தமிழ் மக்களின் தமிழாகவே இருந்தது. அந்த நெருக்கம், பல ஆண்டு படித்துத் தமிழ் பேசிய வெள்ளைக்காரப் போதகருக்கு எளிதில் கிடைக்காத ஒன்று.

துரை கொடுத்த பணம்

தமிழ்க் கூலி மிசனின் செலவில் கணிசமான பகுதியைக் கோப்பித் தோட்டத் துரைமார் திரட்டிக் கொடுத்தார்கள். அதற்கென அவர்களுடைய குழு ஒன்றும் இருந்தது. அவர்களில் உண்மையான பக்தியோடு கொடுத்தவர்கள் உண்டு. படித்த, ஒழுக்கமான, குடிக்காத தொழிலாளி தோட்டத்துக்கு நல்லது என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. எந்த நோக்கத்தோடு கொடுத்தாலும் விளைவு ஒன்றுதான். தோட்டத்துக்குள் கால் வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். சம்பளத்துக்கும் துரையின் பணம் வேண்டும்.

அப்படியானால் கங்காணியிடம் பட்ட கடனால் குடும்பம் குடும்பமாகக் கட்டுண்டு கிடந்த மக்களைப் பற்றி உபதேசியார் என்ன பேச முடியும்? தோட்டம் மாறுவதற்குத் தேவைப்பட்ட ‘துண்டு’ முறையைப் பற்றி, பிடித்துவைத்த சம்பளத்தைப் பற்றி யாரிடம் முறையிட முடியும்? மிசன் கல்வி கொடுத்தது, நோய்க்கு மருந்து கொடுத்தது, இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்தது. ஆனால் தோட்ட முறையை அடியோடு கேள்வி கேட்கும் இடத்தில் அது இருக்கவில்லை. இது தனிமனிதரின் கோழைத்தனம் என்று சொல்வதைவிட, அவர்கள் நின்ற இடத்தின் எல்லை என்று சொல்வதே நியாயம்.

அந்த எல்லையைத் தாண்டியவர்களும் உண்டு என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து 1904இல் டில்லிக்கு ஆங்கிலிக்கன் மிசனரியாக வந்தவர் சி. எப். அன்ட்ரூஸ். அவர் 1915இலும் 1917இலும் பீஜித் தீவுக்குப் போனார். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த இந்தியரின் நிலையை நேரில் கண்டு எழுதினார். அந்த ஒப்பந்த முறை 1920இல் முடிவுக்கு வந்ததில் அவருக்கும் பங்குண்டு. அவர் தோட்ட முதலாளிகளின் பணத்தில் வாழவில்லை என்பது இங்கே முக்கியமானது.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. துரைமாரின் பணத்தை நம்பியிருந்த எந்தப் பணிக்கும் அது சோதனைக் காலம். ஒரு பூஞ்சணத்தால் சபையின் வரவுசெலவே ஆட்டம் கண்டது.

ஊவாவின் குளிரில்

ஊவாவுக்கு மிசன்கள் பரவிய காலமும் ஏறக்குறைய இதுதான். மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த சாமுவேல் லங்டன் கண்டியில் 1879இல் பெண்கள் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கியவர். 1880களில் அவர் ஊவாவுக்கு வந்தார். அப்புத்தளையில் ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான நிலையம் அவருடைய முயற்சியால் உருவானது. புகையிரதம் பண்டாரவளைக்கு 1894இல்தான் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆனது. அதுவரை இந்த மலைகளில் மாட்டுவண்டியும் குதிரையும் கால்நடையும்தான் போக்குவரத்து. நோயாளியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும் தூரங்கள் அவை.

பூனாகலையிலிருந்து அதிகத் தூரமில்லாத அப்புத்தளையில் புனித அந்திரேயா தேவாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் வோல்டர் ஸ்டான்லி சீனியர் என்ற மிசனரியின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதைகள் எழுதியவர். 1938இல் அவர் இறந்த பிறகு சாம்பல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. பணி முடிந்து தாயகம் திரும்பிய ஒருவருக்கு, கடைசியில் எந்த ஊர் தன் ஊராக இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி. புலம்பெயர்ந்த நாட்டில் இறந்த உறவினரின் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுவந்து கரைக்கும் நம் மக்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை.

வடக்கில் கிடைத்த பாடம்

மலையகத்தில் மிசனரிமார் பட்ட துன்பங்கள் பலவற்றை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கர் அனுபவித்திருந்தார்கள். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று அதிகம் என்பதால் அவர்களுடைய வாழ்வை நெருங்கிப் பார்க்க முடிகிறது.

டானியல் பூவரும் அவருடைய தோழர்களும் 1815 ஒக்டோபரில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார்கள். ஐந்து மாதக் கடற்பயணம். பிறகு தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்திக் குடியேறினார்கள். அவர்களில் எட்வர்ட் வாரன் நோயுற்று 1818இல் இறந்தார். பூவரின் மனைவி சூசன் 1821இல் இறந்தார். உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833இல், நாற்பது வயதுக்கு முன்பே இறந்தார். பூவர் இந்த மண்ணில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார்.

பிரிவு இன்னொரு துன்பம். பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பிள்ளையின் சுகத்தைக் கேட்டு எழுதிய கடிதம் போய்ச் சேரும் முன்பே பிள்ளை இறந்துவிட்ட சம்பவங்களும் உண்டு. இன்று பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குக் காத்திருக்கும் தாய்மார் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். திசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

அதிகாரமும் அவர்களைக் கட்டுப்படுத்தியது. 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த ஓர் அமெரிக்கர் யாழ்ப்பாணம் வந்தபோது ஆங்கில ஆளுநர் அவரைத் தங்க விடவில்லை. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புதிய அமெரிக்கர் வர அனுமதி கிடைக்கவில்லை. தங்கள் தலைமையகத்தின் முடிவுகளும் அவர்களைக் கலங்க வைத்தன. 1823இல் தொடங்கி ஆசியாவிலேயே பேர்பெற்றிருந்த வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியால் உத்தியோகத்தர்தான் உருவாகிறார்கள், சபை வளரவில்லை என்பது பொஸ்டனிலிருந்து வந்தவர்களின் கணிப்பு. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மீண்டும் உயிர்பெற்றது.

இங்கே இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிசன் பாடசாலையில் கல்வி வேண்டுமானால் கிறிஸ்தவ வேதமும் படிக்க வேண்டியிருந்தது. மதம் மாறிய பிள்ளையால் குடும்பங்கள் பிளந்தன. மிசனரிமார் எழுதிய கடிதங்களில் அது வெற்றியாகத் தெரிந்தது. அந்த வீட்டில் அது இழவாக இருந்தது. பீற்றர் பேர்சிவலோடு சேர்ந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே பிறகு மிசன்களின் முறைகளைக் கற்று, அதே அச்சியந்திரத்தையும் பாடசாலையையும் பிரசங்கத்தையும் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய பாடசாலை அதன் அடையாளம். மிசன் வாழ்வின் கஷ்டம் என்று மிசனரிமார் எழுதிய ‘எதிர்ப்பு’, மறுபக்கத்தில் தன் மரபைக் காக்க நின்றவர்களின் முயற்சி.

மகிழ்ச்சி எங்கே இருந்தது?

மகிழ்ச்சியைத் தேடினால் அது பெரும்பாலும் எண்ணிக்கையில் இல்லை, உறவில் இருக்கிறது.

எலைசா அக்னியூ 1840இல் உடுவிலுக்கு வந்தார். 1879 வரை அங்கே கற்பித்தார். 1883இல் மானிப்பாயில் இறந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தாயகம் திரும்பவில்லை. தான் படிப்பித்த பெண்களின் மகள்களையும் பேத்திகளையும் படிப்பித்தார். மணமாகாத அந்தப் பெண்ணை ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ என்று அழைத்தார்கள்.

மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவமனையை நிலைநிறுத்தினார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பினார். உடற்கூற்றியலையும் சத்திர சிகிச்சையையும் வேறு பல துறைகளையும் தமிழில் கொண்டுவந்தார். அதற்காகக் கலைச்சொற்களை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அவரிடம் படித்து வெளியேறிய தமிழ் மருத்துவர்கள் அறுபதுக்கும் மேல். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. 1873இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பினார். 1884இல் அமெரிக்காவில் இறந்தார். தன் கல்லறையில் ‘தமிழருக்கு மருத்துவ மிசனரி’ என்று குறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அவ்வாறே அது எழுதப்பட்டது.

போர்க்காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாமல் வடக்கின் மருத்துவர்களும் தாதியரும் இயங்கியபோது, இந்த மண்ணில் மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்த ஒரு காலம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

தமிழரே கடல் கடந்தபோது

மிசன் என்றால் மேற்கிலிருந்து கிழக்குக்கு வருவது என்ற எண்ணம் இலங்கையில் மிக முன்பே உடைந்திருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கண்டி இராச்சியத்தில் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது ஓடிப்போகாமல் நோயாளிகளைப் பராமரித்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத் தமிழரே மிசனரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். 1900இல் உருவான யாழ்ப்பாண மாணவர் வெளிநாட்டு மிசன் சங்கம், கடலுக்கு அப்பால் இராமநாதபுரச் சீமையில் உள்ள தொண்டியில் பணியைத் தொடங்கியது. மாணவர்களும் சாதாரண மக்களும் கொடுத்த சிறு பணத்தால் அது நடந்தது. வேதநாயகம் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது இதைக் கண்டார். ஒரு சிறிய தீபகற்பம் இந்தியாவுக்கே ஊழியரை அனுப்பும்போது, பெரிய சபையான திருநெல்வேலி என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி அவரைத் தைத்தது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிசனரி சங்கம் பிறந்தது. அது தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஆட்களை அனுப்பியது. 1912இல் அசரியா அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

1854இல் திருநெல்வேலி இலங்கை மலைகளுக்கு உபதேசியாரைக் கொடுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள் இலங்கைத் தமிழர் திருநெல்வேலிக்கு ஒரு முன்மாதிரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் யாழ்ப்பாணச் சபை தொண்டிக்குக் காட்டிய அக்கறையை, அதே தீவிலிருந்த தோட்ட மக்களுக்கு எந்த அளவுக்குக் காட்டியது என்ற கேள்வி இன்றும் வடக்குக் கிழக்கைச் சேர்ந்த நம் எல்லோருக்கும் உரியது. பாக்கு நீரிணையைக் கடப்பது எளிதாகவும் ஆனையிறவைத் தாண்டி மலையேறுவது கடினமாகவும் இருந்ததற்குச் சாதியும் வர்க்கமும் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

திரும்பிப் போகச் சொல்லப்பட்ட மக்கள்

கல்வியில் மிசன்கள் விதைத்தது மெல்ல முளைத்தது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் அந்தப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன. பல இடங்களில் அது ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்து வகுப்பு என்ற அளவில் நின்றது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில்தான்.

அதற்குள் பெரிய இடி விழுந்துவிட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர் ஆனார்கள். பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களில் அழுகைக்கு நடுவே புகையிரதம் புறப்பட்ட காட்சியை மலையகப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உபதேசியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிய பெயர்கள் பலவற்றுக்கு உரியவர்கள் நீலகிரிக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள். கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவரும் தேவாலயத்தில் பாடல் பாடியவரும் ஒரே கப்பலில்தான் போனார்கள்.

வெளிநாட்டு மிசனரிமாரின் காலமும் இதே வேளையில் முடிந்துகொண்டிருந்தது. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அந்த இடத்தை உள்நாட்டவர் நிரப்ப வேண்டியிருந்தது. 1972இல் பதுளை கத்தோலிக்க மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்த வறிய புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். வசதியான இடத்தை விட்டு மலையேறிய அவருக்குக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சிங்களவரான ஓர் ஆயர் தோட்டத் தமிழரின் பக்கம் நிற்பதும் ஒருவகையில் கடல் கடப்பதுதான்.

2003இல் வந்த சட்டம்தான் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கி ‘நாடற்றவர்’ என்ற சொல்லுக்கு முடிவு கட்டியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

போகாமல் நின்றவர்

திரும்பிப் போகும் வழி இருந்தும் போகாத ஒருவரை நம் தலைமுறையே கண்டது. அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1948இல் இலங்கை வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்துப் புகழ்பெற்றவர். பிறகு மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்கல்வி கொடுக்கும் நிலையத்தை நடத்தினார். 1990இல் போர் மீண்டும் வெடித்துக் கிழக்கில் படுகொலைகள் நடந்துகொண்டிருந்தபோது, வாழைச்சேனையில் சிக்குண்டவர்களுக்கு உதவப் போனார். 1990 ஓகஸ்ட் 15 அன்று அங்கிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவரோடு சென்ற தமிழ் இளைஞரும் காணாமல் போனார்கள். இன்று வரை அவர்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த அவர் எந்த நாளிலும் விமானமேறியிருக்கலாம். அந்த வழியை அவர் பயன்படுத்தவில்லை. கடைசியில் அவரும் நம் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் ஒருவரானார். நம் தாய்மார் தெருவோரத்தில் படத்தோடு அமர்ந்து கேட்கும் அதே கேள்விதான் அவருக்கும் உரியது. அந்நியராக வந்த ஒருவர் இம்மக்களில் ஒருவராவதற்கு இதைவிட வேறு அடையாளம் இருக்க முடியாது.

மீண்டும் பூனாகலையில்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். உயிர் தப்பியவர்கள் பூனாகலைத் தமிழ்ப் பாடசாலை உட்பட அண்டைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். உறவுகளை இழந்து, சமைத்த உணவுக்கு வரிசையில் நின்று, வகுப்பறைத் தரையில் படுத்தார்கள். அந்தக் காட்சியைக் கண்டு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உதவி போனது. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன. மலையை விட்டுப் பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

உதவிக்கு வருவோர் பலர். வருவதும் கொடுப்பதும் படம் எடுப்பதும் திரும்பிப் போவதும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அது தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. பசித்தவனுக்கு ஒரு பார்சல் சோறு பெரிய விடயம். ஆனால் இந்த மலையின் வரலாற்றில் மக்கள் மனதில் நின்றவர்கள் வேறு வகையானவர்கள். அவர்கள் மொழியைக் கற்றார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். தங்கள் இறந்தவர்களை இங்கே புதைத்தார்கள். சிலர் இங்கேயே புதைந்தார்கள். தாங்கள் யார் பணத்தில் வாழ்கிறோம், அதனால் எதைப் பேசாமல் விட்டோம் என்ற கேள்வி அவர்களில் பலருக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது. அந்தக் கேள்வியோடுதான் அவர்களை மதிக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து வந்த அந்த உபதேசியார்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய கல்லறைகள் தேயிலைக்குள் மறைந்திருக்கும். பூனாகலைப் பாதையில் பள்ளிச் சீருடையோடு நடந்துபோகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இருட்டில் விளக்கேற்றி லயத்து வாசலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த அந்த மனிதரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாத நிலத்தில் ஒரு வீடு கிடைக்கும் வரை அவர் தொடங்கிய வேலை முடியவில்லை.